துபாய் லைசென்ஸ், தீவு லைசென்ஸ்: கிரிப்டோ கம்பெனி காட்டும் காகிதத்தில் என்ன இருக்கிறது?

"லைசென்ஸ் இருக்கிறதா?" என்று கேட்டால் போதும், வாட்ஸ்அப்பில் உடனே ஒரு சான்றிதழ் வந்துவிடுகிறது. வட்ட முத்திரை, கையெழுத்து, ஏதோ ஒரு தீவு நாட்டின் பெயர். பட்டு ஆர்டர் குறைந்து தறி சும்மா இருக்கும் மாதங்களில், சின்ன காஞ்சிபுரம் போன்ற ஊர்களில் இந்தப் படங்களுக்கு மவுசு அதிகம். நிகாஹ்வுக்குச் சேர்த்த பணமும், வளைகுடாவிலிருந்து மகன் அனுப்பும் பணமும்தான் இவர்களின் குறி.

அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் படியுங்கள். பெரும்பாலும் அது கம்பெனி பதிவுச் சான்று மட்டுமே. பிறர் பணத்தை வாங்கி வர்த்தகம் செய்வதற்கான அனுமதி அல்ல. செயின்ட் வின்சென்ட் அண்ட் கிரெனடைன்ஸ் நாட்டின் நிதிச் சேவை ஆணையம், ஃபாரெக்ஸ் வர்த்தகத்துக்குத் தாங்கள் லைசென்ஸ் கொடுப்பதே இல்லை என்று அறிவித்திருக்கிறது. துபாயிலும் இப்படித்தான். கடை திறக்க வாங்கும் டிரேட் லைசென்ஸ் வேறு, 2022இல் அமைக்கப்பட்ட 'வாரா' ஆணையம் கிரிப்டோவுக்குத் தரும் லைசென்ஸ் வேறு. வாராவின் பட்டியல் அதன் இணையதளத்திலேயே இருக்கிறது. துபாயில் இருக்கும் நம் பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடலாம்.

நம் நாட்டில் கிரிப்டோ நிறுவனங்களுக்கெனத் தனி லைசென்ஸ் சட்டம் இன்னும் இல்லை. 2023 மார்ச்சில் அவை பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டன. இங்கே அலுவலகம் இல்லாத வெளிநாட்டு நிறுவனமும் இந்தியர்களுக்குச் சேவை தந்தால் நிதி நுண்ணறிவுப் பிரிவில் (எஃப்ஐயு) பதிய வேண்டும். பதியாத பைனான்ஸ், குகாயின் உள்ளிட்ட 9 நிறுவனங்களுக்கு அந்த டிசம்பரில் நோட்டீஸ் போனது. பிறகு பதிவு செய்துகொண்ட பைனான்ஸுக்கு 2024இல் 18.82 கோடி ரூபாய் அபராதம். 2025 அக்டோபரில் மேலும் 25 நிறுவனங்களுக்கு நோட்டீஸ்.

அப்படியானால் எஃப்ஐயு பதிவு இருந்தால் பணம் பத்திரமா? இல்லை. வாடிக்கையாளர் யார் என்று பார்ப்பது, கணக்கு வைப்பது, சந்தேகப் பரிமாற்றத்தைத் தெரிவிப்பது, இவ்வளவுதான் அதன் வேலை. போன பணத்தை அது திருப்பித் தராது. வசீர்எக்ஸ் தளத்தை நடத்திய இந்திய நிறுவனம் பதிவு பெற்றதுதான். 2024 ஜூலை 18 அன்று அந்தத் தளத்திலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள கிரிப்டோ திருடுபோனது. தாய் நிறுவனம் சிங்கப்பூரில் இருந்ததால், நம்மவர்களின் பணத்தைப் பற்றிய தீர்வுத் திட்டம் சிங்கப்பூர் நீதிமன்றத்துக்குப் போனது. ஓராண்டுக்கு மேல் காத்திருந்தார்கள்.

அந்த விவகாரத்தில் ஒரு வாடிக்கையாளர் தொடுத்த வழக்கில், 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ ஒரு சொத்துதான், பிறருக்காக நம்பிக்கையின் பேரில் வைத்திருக்கக் கூடியது என்றார். நமது பாஷையில் சொன்னால் அமானிதம். சென்னையிலிருந்து பணம் கட்டியவர் சென்னையிலேயே நிவாரணம் கேட்க முடிந்தது. ஆனால் அதற்கு, இங்கே பெயரும் முகவரியும் உள்ள ஒரு நிறுவனம் எதிரே நிற்க வேண்டும். தீவுச் சான்றிதழ்காரரை எந்த முகவரிக்குப் போய் அழைப்பது?

கிரிப்டோ ஹலாலா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது தனி விவாதம். லாபத்துக்கு 30 சதவீத வரி உண்டு, வெளிநாட்டுக் கம்பெனி பிடிக்காவிட்டாலும் கட்ட வேண்டியது நாம்தான். பணம் அனுப்பும் முன் ஆப்பின் ஒப்பந்தத்தைத் திறந்து இரண்டே வரிகளைத் தேடுங்கள்: நம்முடன் ஒப்பந்தம் செய்வது எந்தக் கம்பெனி, தகராறு வந்தால் எந்த நாட்டு நீதிமன்றம். ஆங்கிலம் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் அவரைப் படிக்கச் சொல்லுங்கள்.