மருது மரத்துப் பட்டுப்பூச்சி

கொல்லிமலைக்குப் போகும் நாம் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணிக்கொண்டே ஏறுகிறோம். ஆகாய கங்கையில் குளிக்கிறோம், அறப்பளீசுவரரைக் கும்பிடுகிறோம், செம்மேட்டில் வல்வில் ஓரி சிலை முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறோம். பொழுது சாய்ந்த பிறகு அந்த மலையில் எவையெல்லாம் விழித்துக்கொள்கின்றன என்று நாம் கேட்டதே இல்லை.

தசர் அந்துப்பூச்சியைச் சொல்கிறேன். கிழக்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் வாழும் நம் மண்ணின் பட்டுப்பூச்சி. லின்னேயஸ் 1758-இலேயே அதற்கு அறிவியல் பெயர் சூட்டிவிட்டார். இறக்கையை விரித்தால் உள்ளங்கை கொள்ளாது. நான்கு இறக்கைகளிலும் ஒவ்வொரு கண். அந்தக் கண்ணின் நடுவில் செதில்களே கிடையாது; கண்ணாடிச் சில்லு பதித்ததுபோல் மறுபக்கம் தெரியும். மருது, இலந்தை இலைகளைத் தின்று வளரும் பச்சைப் புழு, கொட்டை போன்ற கெட்டியான கூட்டைப் பட்டுக் காம்பு ஒன்றால் கிளையோடு கட்டித் தொங்கவிடும். கூட்டைவிட்டு வெளிவரும் பூச்சிக்கு உண்ண வாய் இல்லை. புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்பை வைத்துக்கொண்டு ஒரு வாரம், பத்து நாள். அதற்குள் ஆண், இறகு போன்ற உணர்கொம்புகளால் மோப்பம் பிடித்துப் பெண்ணைத் தேடியடைய வேண்டும்.

அதன் இரவுகளைத்தான் நாம் பறித்துவிட்டோம். விடுதி வாசலிலும் கடைத்தெருவிலும் விடியவிடிய விளக்கெரிகிறது. அங்கே வந்து சுற்றிச்சுற்றி விழும் பூச்சிகளைக் காலையில் துடைப்பத்தால் கூட்டித் தள்ளுகிறோம். அதன் மரங்களையும் விட்டுவைக்கவில்லை; சரிவுகளைத் திருத்தி மரவள்ளி போட்டோம். மிளகுக்கொடி ஏற ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக்கை நட்டோம். மறைந்துகொண்டிருந்த சாமையையும் தினையையும் காக்க எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே வேலை செய்தது. அந்த அக்கறையில் சிறுபங்கைக்கூட நாம் இந்தப் பூச்சிக்குத் தரவில்லை. தமிழ் மறவன் 2019-இல் மாநில வண்ணத்துப்பூச்சி ஆனபோது மகிழ்ந்தோம், பகலில் பறப்பதோடு நம் பார்வை நின்றுவிட்டது.

காஞ்சிப் பட்டைப் பெருமையாகப் பேசும் நாம், அந்த நூலைத் தரும் மல்பெரிப் புழு சீனத்தில் வீட்டு வளர்ப்பாகப் பழக்கப்பட்டது என்பதை நினைப்பதில்லை. ஜார்க்கண்டிலும் சத்தீஸ்கரிலும் பழங்குடி மக்கள் மரத்திலேயே தசர் வளர்த்துப் பிழைக்கிறார்கள். ராஞ்சியில் அதற்கென மத்திய ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. இங்கே நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்தக் கூட்டைக் காட்டக்கூட ஆளில்லை.

ஓடைக்கரையில் மிஞ்சியிருக்கும் நீர்மருதை வெட்டாமல் விடுவதும், விளக்கைத் தரை பார்த்துக் கவிழ்த்து நள்ளிரவில் அணைப்பதும் பெரிய செலவு பிடிக்கிற காரியங்கள் அல்ல. அதைக்கூட நாம் செய்யவில்லை.