மெஷின் கெட்டிருக்கு, நாளைக்கு வாங்க!

கூடலூர், தாளவாடி ஜனங்களில் பலருக்குப் பெரிய வைத்தியம் என்றால் மைசூர்தான். விடியலில் பஸ் ஏறி வந்தவரிடம் அரசு ஆஸ்பத்திரி கவுன்டரில், "மெஷின் கெட்டிருக்கு, நாளைக்கு வாங்க" என்றால் அவர் என்ன செய்வார்? கூடலூர் போகும் பந்திப்பூர் காட்டுச்சாலையை இரவு 9 மணிக்கு மூடினால் காலை 6 மணிக்குத்தான் திறப்பார்கள். மூடுவதற்குள் ஊர் திரும்ப வேண்டும். இல்லையேல் வராந்தாவில் துண்டை விரிக்க வேண்டும். தனியார் ஸ்கேன் சென்டருக்குப் போகக் கையில் காசிருந்தால் இங்கே ஏன் வரிசையில் நிற்கிறார்?

இது ஓர் ஊரின் கதை அல்ல. தேசிய சுகாதார இயக்கத்துக்காக 29 மாநிலங்களில் 7,56,750 மருத்துவக் கருவிகளைக் கணக்கெடுத்தார்கள். மாநிலத்துக்கு மாநிலம் 13 முதல் 34 சதவிகிதம் வரை இயங்கவில்லை. பழுதும் எப்போதும் பெரிதாக இருப்பதில்லை. ஈ.சி.ஜி. கருவியில் ஒரு லீட் ஒயர் அறுந்திருக்கும். வென்டிலேட்டரில் ஆக்ஸிஜன் சென்சார் தீர்ந்திருக்கும். ஓரிரு வருடத்தில் தானாகவே தீர்ந்துபோகிற பொருள் அது. மாற்றாவிட்டால் அலாரம் கத்தும். அணைத்து, உறை போட்டு, ஓரமாகத் தள்ளிவிடுவார்கள். ஏ.எம்.சி. என்கிற வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்துவிட்டதென்றால் அடுத்த டெண்டர் வரை அது அங்கேயேதான்.

கருவிகளைப் பராமரிக்க மைசூரில் என்ன குறை? 1924-ல் பிறந்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1963-ல் தொடங்கிய எஸ்.ஜே.சி.இ. பொறியியல் கல்லூரி இருக்கிறது. மருத்துவக் கருவி செய்யும் ஸ்கன்ரே நிறுவனமும் இங்கேதான். 2020-ல் பாரத் எலக்ட்ரானிக்ஸ் தயாரித்த 30,000 வென்டிலேட்டர்களின் வடிவமைப்பு ஸ்கன்ரேயுடையது. மறு வருடம் மே மாதம், மத்திய அரசு கொடுத்த வென்டிலேட்டர்கள் சில மாநிலங்களில் கிடங்கில் முடங்கியிருக்கின்றன என்று செய்தி வந்து, பிரதமரே தணிக்கைக்கு உத்தரவிட நேர்ந்தது. செய்யத் தெரிந்த நாட்டில் பராமரிக்க ஆள் போடவில்லை.

கல்லூரிகள் கம்பெனிகளோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போடுகின்றன, பூங்கொத்து, போட்டோ. மாணவர்களோ ஆர்டுயினோ என்ற சின்ன எலக்ட்ரானிக் பலகையில் இதயத்துடிப்பு மானிட்டர் செய்து புராஜெக்ட் முடிக்கிறார்கள் (எத்தனை வருடமாக அதே இதயத்துடிப்பு!). ஆஸ்பத்திரியில் கெட்டுக் கிடக்கும் நிஜ மானிட்டரைத் திறந்து பார்க்காமலே பட்டம் வாங்கிவிடலாம்.

மருத்துவர்களும் பொறியாளர்களும் சேர்ந்து வேலை செய்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். மைசூர் மானசகங்கோத்ரியில் 1965 முதல் இயங்கும் அகில இந்திய பேச்சு, கேட்டல் நிறுவனத்தில் நோயாளியைப் பார்ப்பவரும் எலக்ட்ரானிக்ஸ்காரரும் ஒரே வளாகம். காது அச்சு எடுப்பதும் காதுக் கருவியை ரிப்பேர் பார்ப்பதும் அங்கேயே. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிறுவனத்தில் மருத்துவமனையும் ஆய்வுக்கூடமும் ஒரே குடையின் கீழ். அங்கே உருவாக்கிய செயற்கை இதய வால்வில் முதல் மூன்று மாதிரிகள் தோற்று, நான்காவதை 1990 டிசம்பரில் நோயாளிக்குப் பொருத்தினார்கள். சென்னை டி.டி.கே. அதைத் தயாரித்து விற்றது.

கர்நாடக அரசு செய்ய வேண்டியது அதிகமில்லை. பயோமெடிக்கல் பொறியியல் மாணவருக்கு ஒரு செமஸ்டர் அரசு ஆஸ்பத்திரியில், மதிப்பெண்ணோடு, ஒரு முழுநேரப் பொறியாளரின் கீழ். கம்பெனியோடு போடும் ஒப்பந்தத்தில் உதிரிபாகமும் சர்வீஸ் மேனுவலும் கட்டாயம். மாவட்ட ஆஸ்பத்திரிக் கருவிகள் 95 சதவிகித நேரம் ஓட வேண்டும் என்பது 2015-ல் வந்த மத்தியப் பராமரிப்புத் திட்டத்தின் நிபந்தனை. அதாவது, வருடத்தில் 18 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது. எந்த மெஷின் எத்தனை நாளாக நிற்கிறது என்று வாசலில் பலகை வைக்கட்டும்.

அதுவரை, "மெஷின் கெட்டிருக்கு" என்று சொன்னால் சும்மா திரும்பாதீர்கள். என்றைக்குப் புகார் பதிவானது, புகார் எண் என்ன என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.