புரொக்கோலியும் வேலி முருங்கையும்

திருகோணமலையில் புரொக்கோலி இப்போது புதுமைப் பொருளன்று. உப்புவெளி, நிலாவெளி உல்லாச விடுதிகளின் தட்டுகளில் முதலில் காணப்பட்ட அந்தப் பச்சைப் பூ, மெல்ல மெல்ல வீட்டுச் சமையலறைகளுக்கும் வந்துவிட்டது. கூடவே, "புற்றுநோய் வராது", "சீனி வருத்தத்தை விரட்டும்" என்ற பேச்சுகளும் வந்துள்ளன. நல்ல உணவொன்றை மருந்தாக்கி, பின்னர் அந்தஸ்தாக்கி, ஈற்றில் ஏழை வீட்டுக்கு எட்டாக்கனியாக்கிவிடுவது நம்மவர்க்குக் கைவந்த கலை. ஆகவே இதுபற்றிச் சற்று நிதானமாகப் பேசவேண்டியிருக்கிறது.

முதலில் இதன் குலம், கோத்திரம். நாம் நெடுங்காலமாக உண்டுவரும் கோவா, பூக்கோவா, நோக்கோல் ஆகியவையும் புரொக்கோலியும் ஒரே தாவர இனத்தின் பிள்ளைகள். 'கோவா' என்ற பெயரே போர்த்துக்கேயரிடமிருந்து வந்ததுதான். துறைமுகப் பட்டினத்து மக்களாகிய நாம், வந்தவற்றையெல்லாம் நம் சட்டிக்கேற்பச் சமைத்துக்கொண்டவர்கள். புரொக்கோலியைக் கண்டு தயங்கவேண்டியதில்லை.

அதன் நன்மைகள் மெய்யானவை. 100 கிராம் பச்சைப் புரொக்கோலியில் ஏறத்தாழ 90 மில்லிகிராம் விற்றமின் சி உண்டு. அதே எடைத் தோடம்பழத்தில் உள்ளதைவிட இது அதிகம். அந்தச் சத்தின் அருமையைக் கடலோடிகள் உயிரைக் கொடுத்தே அறிந்தார்கள். மாதக்கணக்கில் பச்சைக் காய்கனி காணாத பாய்க்கப்பல் மாலுமிகளை ஈறு அழுகும் ஸ்கேவி நோய் கொன்றது. தோடையும் எலுமிச்சையும் அதைத் தீர்க்கும் என்று 1747இல் ஜேம்ஸ் லின்ட் என்ற கடற்படை வைத்தியர் சோதித்துக் காட்டினார். புரொக்கோலியில் நார்ச்சத்து, ஃபோலேற், விற்றமின் கே ஆகியனவும் தாராளம்.

புற்றுநோய்ப் பேச்சுக்கும் ஓர் அடிப்படை உண்டு. 1992இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் போல் தலாலே குழுவினர் புரொக்கோலியிலிருந்து 'சல்ஃபராபேன்' என்ற பொருளைப் பிரித்தெடுத்தனர். உடற்கலங்களின் நச்சு நீக்கும் நொதியங்களை அது தூண்டுகிறது. 2017இல் சுவீடன் ஆய்வாளர்கள், உடற்பருமன் கொண்ட நீரிழிவு நோயாளர் சிலரிடம் இது குருதிச் சீனியைக் குறைத்ததாக எழுதினர். ஆனால் அவர்கள் கொடுத்தது புரொக்கோலி முளையின் செறிவூட்டிய சாறு; நாம் தட்டில் இட்டு உண்ணும் அளவன்று. இதை நம்பி எவரும் கிளினிக்கில் தந்த குளிசையை நிறுத்திவிடலாகாது. குருதி உறையாதிருக்க வோஃபரின் எடுப்போர், விற்றமின் கே மிகுந்த இந்தக் காயைத் திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ முன் வைத்தியரைக் கேட்கவேண்டும்.

சரி, எப்படி உண்பது? அமெரிக்க ஜனாதிபதியாயிருந்த மூத்த ஜோர்ஜ் புஷ், தாயார் கட்டாயப்படுத்தி ஊட்டிய புரொக்கோலியை இனி உண்ணப்போவதில்லை என்று 1990இல் பகிரங்கமாகவே அறிவித்தார். அவித்து அவித்துக் குழைத்தால் எவருக்கும் வெறுப்புத்தான் வரும். கந்தக வாடை கிளம்பும், சத்தும் நீரோடு போய்விடும். இங்கே நம்முடைய சுண்டல் முறையே கைகொடுக்கிறது. பூவையும், தோல் சீவிய தண்டையும் குறுணியாக அரிந்து அரை மணி நேரம் வைத்துவிடுங்கள். அரியும்போது வெளிப்படும் நொதியமே சல்ஃபராபேனை உண்டாக்குகிறது. நெடுநேரச் சூடு அந்த நொதியத்தை அழித்துவிடும். பின்னர் சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், மஞ்சளுடன் மூன்று நான்கு நிமிடம் பிரட்டி, தேங்காய்ப்பூ தூவி இறக்கி, தேசிப்புளி விடுங்கள். நெத்தலிக் கருவாடு சேர்ந்தால் சுவைக்குக் கேட்கவேண்டியதில்லை. இறால் பிரட்டலிலும் பால்கறியிலும் இறக்குவதற்குச் சற்று முன் சேர்த்தாற் போதும்.

இன்னொரு நுட்பம்: வெந்த புரொக்கோலியில் கடுகுத்தூள் கலந்தால் அழிந்த நொதியத்தின் வேலையைக் கடுகின் நொதியம் செய்துவிடுகிறது என இங்கிலாந்தின் றெடிங் பல்கலைக்கழகத்தார் 2013இல் கண்டனர். தாளித்த கடுகு இதற்கு உதவாது. பச்சையாக அரைத்த கடுகை, இறக்கிய பின் ஒரு சிட்டிகை தூவவேண்டும்.

இனி, நான் சொல்ல வந்த விடயம். மலையகக் குளிரில் விளைந்து, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் தாண்டி வருகின்ற மரக்கறி இது. எரிபொருள் விலையும் இடைத்தரகும் வெயிலில் வாடிய கழிவும் அதன் விலையில் ஏறிக்கொள்கின்றன. 2022ஆம் ஆண்டு நெருக்கடியின்போது கோவாவும் கரட்டுமே பல வீடுகளுக்கு எட்டாமற் போனதை நாம் மறந்துவிடவில்லை. பிள்ளைக்குப் புரொக்கோலி வாங்கிக்கொடுக்க முடியவில்லையே என்று ஒரு கடற்றொழிலாளியின் மனைவி மனம் குன்றுவாளாயின், அது தேவையற்ற துயரம்.

ஏனெனில் கடுகும் கோவாவும் முருங்கையும் தாவரவியலில் ஒரே வரிசையைச் சேர்ந்தவை. சல்ஃபராபேனுக்கு உறவான பொருள்கள் முருங்கையிலையிலும் உள்ளன. தலாலேயுடன் புரொக்கோலி முளையை ஆராய்ந்த ஜெட் ஃபாஹேயே, 2005இல் முருங்கையின் மருத்துவப் பயன்பற்றி விரிவான மதிப்பாய்வு எழுதினார். அமெரிக்க விஞ்ஞானி தேடிவந்த மரம் நம் வேலியில் நிற்கிறது. நாமோ அதன் இலையை ஆட்டுக்கு ஒடித்துப் போடுகிறோம்.

வசதியுள்ளோர் புரொக்கோலி உண்ணட்டும். பக்குவமாய்ச் சமைத்து உண்ணட்டும். பாணும் பருப்பும், சோறும் மீனுமாய் நாளைக் கழிக்கும் வீடுகளில் தினம் ஒரு பச்சை இலைக்கறி கட்டாயம் இருக்கட்டும். அது எந்த ஊர்ப் பச்சை என்பது இரண்டாம் கேள்வி.