சோதனைப் பட்டியலில் கூறைப்புடவையும் ஏற வேண்டும்

கூறைப்புடவையின் அரக்குச் சிவப்பில் ஓடும் ஜரிகையை வீடியோவில் அப்படியே கொண்டுவருவது லேசான வேலை இல்லை. கும்பகோணத்தில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவன் என்பதால் எனக்கு இது அன்றாடப் பாடு. கேமராவிலிருந்து இறக்கிய ஃபுட்டேஜில் இழை இழையாகத் தெரிகிற ஜரிகை, எக்ஸ்போர்ட் செய்து பென்டிரைவில் ஏற்றியதும் சிவப்போடு கரைந்துவிடும். தாலி கட்டும் நேரத்தில் அட்சதை பறக்கும்போது இன்னும் மோசம். மணமகளின் தோளில் புடவை கட்டம் கட்டமாக உடையும். பெண் வீட்டார் கேமராமேனைக் குறை சொல்வார்கள், சிலர் என்னைச் சொல்வார்கள். வீடியோவைச் சுருக்கும் முறையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அந்த முறையும் மனிதர்கள் கூடிப் பேசி, சோதித்து, முடிவு செய்ததுதான். அந்தச் சோதனையில் நம் ஊர்க் காட்சிகளும் இருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இன்று பல போன்களிலும் 4கே டிவிகளிலும் ஓடும் எச்இவிசி என்ற வீடியோ முறையை எடுத்துக்கொள்வோம். ஐஎஸ்ஓ, ஐஇசி அமைப்புகளின் எம்பெக் குழுவும், ஐடியு அமைப்பின் வீடியோ நிபுணர் குழுவும் சேர்ந்து 2010 ஜனவரியில் அழைப்பு விடுத்தன. முந்தைய எச்.264-ஐ விடப் பாதி அளவில் அதே தரத்தைத் தர யாரால் முடியும் என்பதுதான் கேள்வி. 27 முன்மொழிவுகள் வந்தன. ஏப்ரலில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் கூடி அவற்றை அலசத் தொடங்கினார்கள். 2013 ஜனவரியில் ஜெனீவாவில் வேலை முடிந்தது.

இடைப்பட்ட மூன்றாண்டுகளில் அவர்கள் வேலை செய்த விதத்தில் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஒரு நிறுவனம் புதிய உத்தி ஒன்றைக் கொண்டுவந்தால், போட்டி நிறுவனமே அதைத் தன் கணினியில் ஓட்டி, சொன்ன பலன் வருகிறதா என்று சரிபார்த்துச் சொல்லும். எல்லோரும் ஒரே மாதிரி மென்பொருளை, ஒரே அமைப்பில், ஒரே காட்சிகளின் மீது ஓட்டுவார்கள். வாய்ச்சவடாலுக்கு அங்கே வேலை இல்லை. இன்னொரு நல்ல மரபும் உண்டு. சுருக்கிய கோப்பை எப்படி விரிப்பது என்பதை மட்டும்தான் தரநிலை வரையறுக்கிறது. எப்படிச் சுருக்குவது என்பதை அவரவர் திறமைக்கே விட்டுவிடுகிறது. அதனால்தான் அதே அளவில் இன்று சுருக்கும் எச்.264 கோப்பு பத்து வருடத்துக்கு முன்பு சுருக்கியதைவிட அழகாக வருகிறது.

இவ்வளவு நேர்மையான முறையில் எல்லாமே அந்த "ஒரே காட்சிகள்" எவை என்பதில்தான் வந்து நிற்கிறது. எச்இவிசிக்கு வைத்திருந்த பட்டியலில் பெரும்பாலான காட்சிகள் பத்து விநாடி அல்லது அதற்கும் குறைவு. கூடைப்பந்து ஆட்டம், பந்தயக் குதிரைகள், சாலைப் போக்குவரத்து, ஒரு மேசையில் அமர்ந்து பேசும் நான்கு பேர். ஜப்பானியக் காட்சிகளும் உண்டு. கிமோனோ உடுத்திய பெண் மரங்களின் ஊடே நடந்து வருகிறாள். நெபுட்டா திருவிழாவின் காட்சி இருக்கிறது, நீராவி ரயில் இருக்கிறது. இந்த இரண்டையும் தந்தது ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கே. 2020-ல் முடிந்த அடுத்த தலைமுறை முறையான விவிசிக்கு நெட்ஃபிளிக்ஸ் தன் படப்பிடிப்பிலிருந்து சந்தைக் காட்சியையும் சடங்கு நடனத்தையும் கொடுத்தது. கொடுத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை. தங்கள் பட்டுத்துணியும் தங்கள் திருவிழாவும் நன்றாகத் தெரிய வேண்டும் என்று ஜப்பானியர் நினைத்தார்கள், கொண்டுபோய் வைத்தார்கள். எச்இவிசி பட்டியலில் இந்தியக் காட்சி ஒன்றுகூட இல்லை.

பத்து விநாடியில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்கலாம். புதிய உத்தி ஒன்றை ஏற்பதா தள்ளுவதா என்பதை இந்தக் காட்சிகளில் கிடைக்கும் எண்கள்தான் பெரிதும் தீர்மானிக்கின்றன. அந்த எண்களிலும் முதலில் பார்ப்பது ஒளிர்வை, பிறகுதான் நிறத்தை. இங்கேதான் நம் சிவப்பு மாட்டிக்கொள்கிறது. எச்டி வீடியோவின் கணக்கில் ஒளிர்வுக்குப் பச்சை தரும் பங்கு சுமார் 71 சதவீதம், சிவப்பு தருவது சுமார் 21. அரக்குச் சிவப்பு அந்தக் கணக்கில் ஏறக்குறைய இருட்டு. இருண்ட இடத்துக்குப் பிட் குறைவாகக் கொடுத்தாலும் எண் பெரிதாகக் கெடாது. போதாததற்கு, 4:2:0 என்கிற வழக்கப்படி நான்கு பிக்சலுக்கு ஒளிர்வு நான்கு வைத்து, நிறத்தை ஒன்றாகச் சேர்த்துவிடுகிறார்கள். ஜரிகை இழை ஒரு பிக்சல் அகலம் இருந்தால் பக்கத்துச் சிவப்போடு கலந்தே ஆக வேண்டும்.

4:2:0 இந்தப் பட்டியல்களுக்கு முன்பே வந்தது, மனிதக் கண் நிறத்தைவிட ஒளிர்வைக் கூர்மையாகப் பார்க்கும் என்ற உண்மையிலிருந்து பிறந்தது. முழு நிறத்தையும் காக்கும் விரிவாக்கம் 2014-லேயே எச்இவிசிக்கு வந்துவிட்டது. ஆனால் வாடிக்கையாளர் வீட்டு டிவியை நம்பி நான் அதில் எக்ஸ்போர்ட் செய்து கொடுக்க முடியாது. மிச்சமிருக்கிற நிறத்தையாவது நன்றாகக் காப்பாற்றும் உத்திகள் ஜெயிக்க வேண்டுமானால், நிறம் கெட்டால் அழுகிற காட்சிகள் சோதனையில் இருக்க வேண்டும்.

ஒலியிலும் இதே கதைதான். எம்பெக்கின் ஒலிச் சோதனைகளில் காஸ்டனெட் என்கிற கைத்தாளம், ஹார்ப்சிகார்டு, பேக்பைப் எல்லாம் நிரந்தர விருந்தாளிகள். காஸ்டனெட்டின் சட்டென்ற அடிக்கு முன்பே சுருக்கிய ஒலியில் ஒரு இரைச்சல் கசியும். அதை அடக்கத் தனி உத்திகள் வகுத்தார்கள். அதன் பலன் தவிலின் வலந்தலையில் விரற்கூடு விழுகிற அடிக்கும் கிடைத்தது, மறுக்கவில்லை. ஆனால் கெட்டிமேளத்தில் இரண்டு தவில், இரண்டு நாதஸ்வரம், மண்டபத்து எதிரொலி, கூட்டத்தின் சத்தம் எல்லாம் ஒரே நொடியில் மோதுகின்றன. குறைந்த பிட்ரேட்டில் அது தகரத்தைத் தட்டுவதுபோல் ஆகிவிடுவதை ஹெட்போனில் கேட்டு நொந்திருக்கிறேன்.

வருத்தம் கூடுவதற்கு இன்னொரு காரணம் உண்டு. ஜேபெக் படம் முதல் எச்இவிசி வரை அடித்தளமாக இருக்கும் டிசிடி என்ற கணக்கை 1974-ல் வெளியிட்டவர்கள் மூவர்: பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, டி. நடராஜன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த கே.ஆர். ராவ். அந்த ஆய்வுக்கு அமெரிக்க அறிவியல் அறக்கட்டளையிடம் அகமது நிதி கேட்டார், கிடைக்கவில்லை. அதற்கு அவர்கள் காப்புரிமையும் வாங்கவில்லை. உலகமே அதன் மேல் வீடு கட்டிக்கொண்டது.

காப்புரிமைச் சண்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. காப்புரிமை வைத்திருப்பவர் நியாயமான கட்டணத்தில் தருவேன் என்று எழுதிக் கொடுத்தால் தரநிலை அமைப்புக்குப் போதும். எவ்வளவு என்று அது கேட்பதில்லை. விளைவு, எச்இவிசிக்குக் கட்டணம் கேட்டு மூன்று தனித்தனிக் கூட்டணிகள் முளைத்தன. வெறுத்துப்போன கூகுள், நெட்ஃபிளிக்ஸ், மொசில்லா முதலான நிறுவனங்கள் 2015-ல் தனி அமைப்பு கண்டு, 2018-ல் கட்டணமில்லாத ஏவி1-ஐ வெளியிட்டன. அந்த அமைப்பைத் தொடங்கியவை ஏழும் பெரும் நிறுவனங்கள். கட்டணம் ஒழிந்தால் நமக்கு லாபம்தான், ஆனால் எந்தக் காட்சியைச் சோதிப்பது என்ற கேள்வி அங்கேயும் அப்படியேதான் நிற்கிறது.

விவிசிக்கு அடுத்த முறைக்கான ஆய்வு இப்போது நடந்துகொண்டிருக்கிறது. ஐஎஸ்ஓவில் இந்தியாவின் சார்பில் இருப்பது ஐஎஸ்ஐ முத்திரை தரும் பிஐஎஸ். அதன் குழுக்களில் பெரிய நிறுவனங்களின் பொறியாளர்களோடு, ஒளிபரப்புத் துறையிலும் சினிமாவிலும் கைவேலை செய்கிறவர்களையும் அழைத்து உட்கார வைக்க வேண்டும். என்எச்கே செய்ததைப் பிரசார் பாரதியும் செய்யலாம். தரமணித் திரைப்படக் கல்லூரி மாணவர்கள் ஒரு பருவத் திட்டமாகவே எடுத்துச் செய்யலாம். நல்ல கேமராவில், சுருக்காமல், பத்துப் பத்து விநாடியாக: கூறைப்புடவை, தேர்வடத்தைப் பிடித்த கூட்டம், கற்பூர ஆரத்தி, கெட்டிமேளம். சோதனைக்கு யாரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்று உரிமையை எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். கல்யாணக் காட்சிக்கு மண்டபமும் மணமக்கள் வீட்டார் சம்மதமும் தேவைப்பட்டால், எங்கள் ஊர் வீடியோக்காரர்கள் ஏற்பாடு செய்து தருகிறோம்.