கல்லூரிக்கு ஓர் அணி தேவையா?

நுழையும்முன்

கல்லூரியின் கையிருப்போ சிறிது, தேவைகளோ பல. அந்நிலையில் ஒரு விளையாட்டுக்கெனப் பெருந்தொகை ஒதுக்கலாமா? அமெரிக்காவின் சமுதாயக் கல்லூரிகளில் நெடுங்காலமாக நிகழ்ந்துவரும் இவ்விவாதத்தில் கட்டுரையாளர் தம் கருத்தை முன்வைக்கிறார்.

கால்பந்து என்றதும் காலால் உதைத்து ஆடும் உருண்டைப் பந்தே நம் நினைவுக்கு வரும். அமெரிக்கர் 'ஃபுட்பால்' என்று அழைப்பது வேறோர் ஆட்டத்தை. இரு முனையும் கூம்பிய பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும், தொலைவிலுள்ள தோழருக்கு எறிவதும், ஓடுபவரை மோதி வீழ்த்துவதும் அவ்வாட்டத்தின் இயல்பு. களத்தில் ஒரு பக்கத்துக்குப் பதினொருவரே நிற்பர். எனினும் தாக்குவதற்கும் தடுப்பதற்கும் பந்தை உதைப்பதற்கும் தனித்தனிக் குழுக்கள் மாறிமாறி இறங்குவதால், ஓர் அணியில் அறுபதுக்கும் மேற்பட்ட வீரர்கள் இருப்பது வழக்கம். அவர்கள் ஒவ்வொருவருக்கும் தலைக்கவசமும் தோட்கவசமும் வேண்டும். பயிற்றுநர் ஒருவர் போதார், பலர் வேண்டும். மருத்துவ உதவியாளர், காப்பீடு, வெளியூர் செல்லப் பேருந்துகள் எனச் செலவு நீளும். கூடைப்பந்து அணியொன்று ஒரு சிற்றுந்தில் அடங்கிவிடும் என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

திறந்த வாயில்

அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகள் பெரும்பாலும் பொதுப்பணத்தில் இயங்கும் ஈராண்டுக் கல்லூரிகள். நம் நாட்டில் அப்பெயரில் நடைபெறுபவை தொழிற்பயிற்சியையே முதன்மையாகக் கொண்டவை, அளவிலும் சிறியவை. 1901ஆம் ஆண்டு இலினாய் மாநிலத்து ஜோலியட் நகரில் தொடங்கப்பட்ட கல்லூரியை முன்னோடியாகக் கொண்டு வளர்ந்த இக்கல்லூரிகள் இன்று ஏறத்தாழ 1000 உள்ளன. மதிப்பெண் குறைவு என்று எவரையும் திருப்பி அனுப்பாமை இவற்றின் தனிச்சிறப்பு. பகல் முழுவதும் கடையில் நின்று பணியாற்றிவிட்டு மாலை வகுப்புக்கு வரும் இளைஞர், குழந்தையை உறவினரிடம் ஒப்படைத்துவிட்டுச் செவிலியர் படிப்புக்கு வரும் தாய், வேலையிழந்து நாற்பது வயதில் புதுத்தொழில் கற்க வருபவர் ஆகியோரை இங்கே ஒரே வகுப்பில் காணலாம். ஈராண்டு இங்குப் பயின்றபின் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டில் சேர்வோரும் பலர். ஆயினும், சேர்ந்தோரில் பாதிப்பேர்கூட ஆறு ஆண்டுகளுக்குள் பட்டமோ சான்றிதழோ பெறுவதில்லை. பணமின்மை, நேரமின்மை, எந்தப் பாடத்தை எப்பொழுது எடுப்பது என்று சொல்லித்தர ஆளின்மை ஆகியவை அவர்களை இடைவழியில் நிறுத்திவிடுகின்றன.

இத்தகைய கல்லூரி புதிதாகக் கால்பந்து அணியொன்றைத் தொடங்கித் தன் பொதுநிதியில் பேணவேண்டுமா? வேண்டாம் என்பதே என் கருத்து. அவ்வாறு கூறுவதற்குமுன், வேண்டும் என்போர் தரப்பில் உள்ள வலிமையை மறைக்காமல் சொல்லிவிடுவது முறை.

ஆரன் ராட்ஜர்ஸ் என்னும் வீரர் பள்ளிப்படிப்பை முடித்தபோது எந்தப் பெரிய பல்கலைக்கழகமும் அவருக்கு விளையாட்டு உதவித்தொகை அளிக்க முன்வரவில்லை. 2002ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் பியூட் சமுதாயக் கல்லூரியில் ஆடினார். அங்கு வேறொரு வீரரைக் காண வந்த பெர்க்லி பல்கலைக்கழகப் பயிற்றுநரின் கண்ணில் பட்டார். 2011இல் தொழில்முறைப் போட்டியின் உச்சமான 'சூப்பர் பவுல்' கோப்பையைத் தம் அணிக்கு வென்று தந்தார். அவ்வுயரத்தை எட்டியவர் மிகச் சிலர் என்று சொல்லி இதனைத் தள்ளிவிடலாம். ஆனால், எட்டாதவரைப் பற்றியும் எண்ணவேண்டும். ஓக்லாந்து நகரின் லேனி கல்லூரி அணியைப் பின்தொடர்ந்து எடுக்கப்பட்ட ஆவணத்தொடர் 2020இல் வெளியாயிற்று. அதில், தங்க வீடின்றித் தம் காரிலேயே உறங்கிப் பயிற்சிக்கு வரும் வீரரொருவரைப் பார்க்கிறோம். அணி இல்லையேல் அவரைப் போன்றோர் கல்லூரி வாயிலை மிதித்திருப்பரா? முழுநேர மாணவராகப் பதிந்தால்தான் ஆட இயலும் என்னும் விதி, அவர்களைப் பாடங்களோடும் பிணைத்து வைக்கிறது. இவ்வாதத்துக்கு என்னிடம் முழுமையான மறுமொழி இல்லை.

கணக்கின் மறுபக்கம்

மற்றொரு வாதம் பணத்தைப் பற்றியது. மக்கள்தொகை குறைந்த சிற்றூர்க் கல்லூரிக்கு அணி ஒன்று அமைந்தால் நூறு மாணவர் புதிதாகச் சேர்வர். அவர்தம் கட்டணமும், மாணவர் எண்ணிக்கைக்கேற்ப அரசு தரும் உதவியும் செலவை ஈடுகட்டும் என்பர். ஆயிரம் பேர்கூட வாழாத ஸ்கூபா என்னும் மிசிசிப்பிச் சிற்றூரை நாடறியச் செய்தது அங்குள்ள கல்லூரியின் அணிதான். அவ்வணி தேசிய வாகையரானது ஒருமுறை அன்று, பலமுறை.

வருகின்ற நூறு பேரும் இறுதிவரை தங்குவர் என்று கொண்டால்தான் இக்கணக்கு நேராகும். தொலைதூர மாநிலங்களிலிருந்து பந்துக்காக வந்தவர், ஆட்டவாய்ப்புக் கிடைக்காதபோதோ பருவம் முடிந்தபோதோ வெளியேறிவிடுவதுண்டு. பயிற்றுநர் ஊதியமும் காப்பீட்டுத் தவணையும் அவர்களோடு வெளியேறுவதில்லை. பெரும் பல்கலைக்கழகங்களுக்கு ஒளிபரப்பு உரிமையால் பெருவருவாய் வருகிறது. ஈராண்டுக் கல்லூரிக்கு அது கனவு. கான்சஸ் மாநிலத்தில் இக்கல்லூரிகளைத் தாங்கும் நிதியில் குறிப்பிடத்தக்க பகுதி, வட்டார மக்கள் செலுத்தும் சொத்துவரி. தம் பிள்ளைகளின் படிப்புக்கென அவர்கள் தந்த பணத்தில் பிற மாநில இளைஞரின் தலைக்கவசம் வாங்கப்படும்போது, அவர்கள் கேள்வி எழுப்புவது இயல்பே.

சட்டத்தின் கணக்கும் உண்டு. 1972ஆம் ஆண்டின் கல்விச் சட்டத் திருத்தம், கூட்டரசின் நிதியுதவி பெறும் நிறுவனங்களில் பாலின வேறுபாடு காட்டுவதைத் தடை செய்தது. விளையாட்டும் அதனுள் அடங்கும். கால்பந்து அணியால் ஆடவர்க்கு ஒரே நாளில் எண்பது இடங்கள் கூடினால், பெண்களுக்கான வாய்ப்பையும் கல்லூரி பெருக்கியாக வேண்டும். அது நியாயமே, ஆனால் ஓர் அணிக்கு என்று தொடங்கிய செலவு மூன்று அணிகளுக்கான செலவாக வளரும் என்பதைத் திட்ட அறிக்கைகள் முதல் பக்கத்தில் சொல்வதில்லை.

இவை யாவும் பணம். உயிரைப் பற்றியும் பேசவேண்டியுள்ளது. 2018 ஆகஸ்ட் மாதத்தில் கான்சஸ் மாநிலச் சமுதாயக் கல்லூரியொன்றில், முதல்நாள் பயிற்சி முடிந்த இரவே பத்தொன்பது வயது வீரர் ஒருவர் வெப்பத்தாக்கால் உயிரிழந்தார். கடும் வெயிலில் உழைத்த உடலைப் பனிநீர்த் தொட்டியில் உடனே அமிழ்த்திக் குளிர்விப்பதே இதற்கு முதலுதவி. தொட்டியும், அதன் தேவையை உணரும் பயிற்சி பெற்றவரும் களத்தருகே இருத்தல் வேண்டும். தலையில் மீண்டும் மீண்டும் ஏற்படும் மோதல்களால் முதுமைக்கு முன்பே மூளை சிதையக்கூடும் என்பதையும் மருத்துவ ஆய்வுகள் காட்டியுள்ளன. குறைந்த செலவில் கூடைப்பந்து அணி நடத்தலாம். குறைந்த செலவில் இவ்வாட்டத்தை நடத்துவது பேரிடர்.

அரிசோனாவின் முடிவு

அரிசோனா மாநிலம் 2015இல் மரிகோபா கல்லூரிக் குழுமத்துக்கு அளித்துவந்த நிதியை அடியோடு நிறுத்தியது. 2018 பிப்ரவரியில் அக்குழுமம், தன் நான்கு கல்லூரிகளில் இருந்த கால்பந்து அணிகளை அவ்வாண்டுப் பருவத்தோடு கலைப்பதாக அறிவித்தது. அதே ஆண்டில் டூசான் நகரின் பீமா கல்லூரியும் அவ்வழியில் சென்றது. பயிற்றுநரும் பெற்றோரும் கொதித்தெழுந்தனர். ஊரிலேயே தங்கிப் படித்துக்கொண்டு ஆட எண்ணியிருந்த பள்ளி மாணவர்க்கு வாயில் அடைபட்டது உண்மை. இருக்கும் அணியைக் கலைப்பது, இல்லாத அணியைத் தொடங்காமல் இருப்பதைவிடக் கொடிது. முன்னதில் கண்முன் நிற்கும் மாணவர் இழக்கின்றனர். ஆதலின் இருக்கும் அணிகளை எல்லாம் மூடுக என்று நான் சொல்லமாட்டேன்.

அத்தகைய அணிகளுக்குக் கலிபோர்னியா ஒரு வழியைக் காட்டுகிறது. அங்கு அறுபதுக்கும் மேற்பட்ட சமுதாயக் கல்லூரிகளில் கால்பந்து உண்டு. விளையாட்டுக்கென உதவித்தொகை எவர்க்கும் இல்லை; வெளிமாநிலம் சென்று வீரர்களைத் திரட்டவும் விதி இடந்தராது. ஆடுவோரிற் பெரும்பாலோர் அருகிலுள்ள பள்ளிகளில் பயின்றவர். வெற்றிக் கோப்பைகளின் பளபளப்பு சற்றே குறையலாம். வரி செலுத்துவோரின் பிள்ளைகளே களத்தில் நிற்பர். காரில் உறங்கிய அவ்வீரர் ஆடியதும் இம்மாநிலத்தில்தான். அவருக்குப் பந்தைவிட முதலில் தேவைப்பட்டது ஓர் அறை என்பதையும் நான் மறக்கவில்லை.

புதிதாக அணி தொடங்க விழையும் நிர்வாகக் குழுவிடம் நான் கேட்க விரும்புவது மிக எளிது. அதே தொகையில் எத்தனை வழிகாட்டு ஆசிரியர்களை அமர்த்தலாம்? இரவு வகுப்பு முடிந்தபின் ஓடும் பேருந்துகளை எத்தனையாக்கலாம்? வரவிருக்கும் வீரர்களில் எத்தனை பேர் ஈராண்டின் முடிவில் கையில் பட்டத்தோடு வெளியேறுவர் என்று எதிர்பார்க்கிறீர்கள்; அவ்வெண்ணிக்கையை ஆண்டுதோறும் ஊரார் முன் வெளியிட இசைவீர்களா? இவற்றுக்கு எழுத்தில் விடை தரும்வரை, தலைக்கவசங்கள் வாங்கும் ஆணையில் அக்குழு கையொப்பமிடுதல் கூடாது.