இடிந்த மதிலும் இடியாத பெயர்களும்

ஓர் ஊரின் வரலாறு ஏடுகளில் மட்டும் உறைவதன்று. அதன் தெருக்களிலும் உறைவது. மதுரைக்கு வருவோர் மீனாட்சியம்மன் கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் கண்டு மகிழ்ந்து மீள்கின்றனர். அவ்விரண்டையும் அணைத்து நின்ற கோட்டை எங்கே என்று வினவுவோர் மிகச் சிலரே. அவ்வினா எழும் வண்ணம் நாமும் அவர்களுக்கு ஊரைக் காட்டுவதில்லை.

மதுரையின் மதிலையும் அகழியையும் மதுரைக்காஞ்சி விரித்துரைக்கின்றது. பாண்டியர் கோட்டையினும் பரந்ததொரு கோட்டையை 16ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் எழுப்பினார். அதன் 72 கொத்தளங்களும் 72 பாளையக்காரர்களின் காவலில் இருந்தன என்பது மரபு. 1840ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஆட்சியர் பிளாக்பர்ன் மதிலை இடித்து அகழியைத் தூர்க்கச் செய்தார். அப்பணியில் ஈடுபட்டோர்க்கு அங்கு நிலமும் வழங்கப்பெற்றது. வெளிவீதிகளும், மாரட் வீதியும், பெருமாள் மேஸ்திரி வீதியும் அவ்வாறு பிறந்தவையே. பிளாக்பர்னின் நினைவாக விளக்குத்தூண் நிற்கின்றது. இடியாது விடப்பட்ட பழைய வாயில் விட்டவாசல் என்று பெயர் பெற்றது. மேலவெளிவீதியில் ஒரு கொத்தளம் எஞ்சியுள்ளது.

நெருக்கடியால் மூச்சுத் திணறிய நகருக்கு மதிலின் அழிவு வழிவிட்டது என்பதை நாம் மறுக்கவில்லை. இழந்ததை மீட்கிறோம் என்று சிமெண்டினால் போலி மதில் எழுப்புவதையும் நாம் ஏற்கவில்லை. அது வரலாறு ஆகாது. நாடகக் காட்சியே ஆகும். பாரிசில் 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பாஸ்டில் கோட்டை 1789க்குப் பின் இடித்து அகற்றப்பட்டது. அது நின்ற எல்லையைச் சாலையிற் பதித்த கற்களே இன்று உணர்த்துகின்றன. மதுரையிலும் மதில் சென்ற தடத்தைக் கல்வரியால் குறிக்கலாம். வாயில்கள் இருந்த இடங்களில் எளிய தமிழில் பலகை நிறுவலாம்.

பலகையில் எதனை எழுதுவது என்பதே பெரிய வினா. மன்னர் பெருமை மட்டும் போதாது. 1763, 1764ஆம் ஆண்டுகளில் இக்கோட்டைக்குள் இருந்து கான்சாகிபு போரிட்டார். எதிரே நின்றவர் ஆங்கிலேயரும் ஆர்க்காட்டு நவாபும் ஆவர்; உள்ளே அவருக்குத் துணை நின்றோருள் பிரெஞ்சுக்காரரும் இருந்தனர். தாக்குதலுக்கு மதில் ஈடுகொடுத்தது. முற்றுகையோ உள்ளிருந்தோரைப் பசியால் வாட்டியது. முடிவில் தம்மைச் சேர்ந்தவராலேயே பிடித்துக்கொடுக்கப்பட்டு, 1764 அக்டோபர் 15ஆம் நாள் அவர் தூக்கிலிடப்பட்டார். சம்மட்டிபுரத்தில் அவர்தம் அடக்கத்தலம் உள்ளது. இவ்வரலாற்றைச் சமயத்தோடு சமயம் மோதிய கதையாக எவராலும் திரிக்க இயலாது. உள்ளபடி எழுதி வையாவிடின், வெற்றிடத்தை வேண்டாத கற்பனை நிரப்பிவிடும். அதற்கு விலை கொடுப்போர் நம் பிள்ளைகளே.

பூமியிற் பயணம் செய்து முன்சென்றோரின் முடிவை நோக்குமாறு திருமறை பலவிடங்களில் அறிவுறுத்துகின்றது. காண வருவோர்க்குக் காட்டத் தெரிந்தவர் வேண்டாமா? தமிழ் பயிலும் மாணவர் வெளிவீதிகளை ஒருமுறை நடந்து, தெருப்பெயர்களின் பொருளையும் முதியோர் கூறும் செய்திகளையும் தொகுக்கட்டும். ஆசிரியர் அவற்றை ஆவணங்களோடு ஒப்பிட்டு, மெய்யையும் மரபையும் வேறுபடுத்தித் தரட்டும். சமுதாயப் பெரியோர் அம்முயற்சிக்குத் தோள் கொடுக்கட்டும். மதில் மீளாது, அதன் உண்மை மீளலாம்.