பட்டியலிடம் கேள்வி கேட்கத் தெரிந்த பிள்ளை

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

உங்கள் பிள்ளை கணினியில் ஒரு கொலைக்குத் துப்புத் துலக்கிக்கொண்டிருந்தால் உடனே ஏசாதீர்கள். அது பாடமாகவும் இருக்கலாம்.

உயர்தர ஐசிரியில் தரவுத்தளம் முக்கியமான பகுதி. அதற்குள் எஸ்.கியூ.எல் என்ற வினவல் மொழி வருகிறது. செலெக்ட், ஃப்ரொம், வெயார்: என்ன வேண்டும், எந்த அட்டவணையிலிருந்து, என்ன நிபந்தனையோடு. அடிப்படை இவ்வளவுதான். 1974 இல் ஐபிஎம் நிறுவனத்தில் சேம்பர்லினும் பொய்சும் இதை வடிவமைத்தபோது, கணினி நிபுணர் அல்லாதவர்களும் தரவுகளிடம் கேள்வி கேட்க வேண்டும் என்பதே அவர்களின் நோக்கம். அப்படிப்பட்ட மொழி பல இடங்களில் கரும்பலகையிலிருந்து கொப்பிக்கும், கொப்பியிலிருந்து விடைத்தாளுக்கும் போய் முடிந்துவிடுகிறது. ஒரு கேள்வியைக்கூட கணினியில் ஓட்டிப் பார்க்காமலே பிள்ளை பாடத்தை முடித்துவிடலாம்.

இதற்கு விளையாட்டு நல்ல மருந்து என்பது எங்கள் கருத்து. அமெரிக்காவின் நோர்த்வெஸ்டேர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நைற் லாப் "எஸ்.கியூ.எல் மேடர் மிஸ்ரரி" என்றொரு விளையாட்டை இலவசமாகத் தந்திருக்கிறது. 2018 ஜனவரி 15 இல் ஒரு கற்பனை நகரத்தில் கொலை நடக்கிறது. பொலிஸ் அறிக்கை, சாட்சிகளின் வாக்குமூலம், சாரதி அனுமதிப்பத்திரம் எல்லாம் தனித்தனி அட்டவணைகளில் கிடக்கின்றன. ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுத்தான் கொலையாளியைப் பிடிக்க வேண்டும். ஜேர்மனியின் கைசர்ஸ்லோட்டர்ன் பல்கலைக்கழகத்தில் உருவான "எஸ்.கியூ.எல் ஐலண்ட்" இல், விமான விபத்தில் தப்பியவர் ஒரு தீவிலிருந்து வெளியேற வழி தேடுகிறார்.

பரீட்சை தாளில்தானே, விளையாட்டு எதற்கு என்று சிலர் கேட்கலாம். நிபந்தனையைப் பிழையாக எழுதினால் கொப்பி ஒன்றும் சொல்லாது. கணினி உடனே ஆயிரக்கணக்கான வரிகளைக் கொட்டும், அல்லது ஒன்றுமே காட்டாது. எங்கே பிழைத்தது என்று பிள்ளை தானே தேடும். அப்படித் தேடிப் பழகியவன் தாளிலும் தடுமாறமாட்டான். யூரியூப்பில் விடையைப் பார்த்து எழுதினால் மட்டும் பயனில்லை. அதனால் பிள்ளை முடித்ததும் பக்கத்தில் இருந்து, "இந்த ஆளை எப்படிச் சந்தேகித்தாய்?" என்று கேளுங்கள். உங்களுக்குக் கணினி தெரியவேண்டியதில்லை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்? 1990 இல் போரால் இடம்பெயர்ந்த கீரிமலை மக்களுக்கும், அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களாகிய எங்களுக்கும் பட்டியல் என்றால் என்னவென்று தெரியும். நிவாரணம், காணி, மீள்குடியேற்றம், வாக்கு எல்லாவற்றுக்கும் எங்கோ ஒரு பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். ஒன்றில் நகுலேஸ்வரன், மற்றதில் நகுலேசுவரன். ஒன்றில் முகமட், மற்றதில் முஹம்மத். மனிதர் ஒருவர்தான், ஆனால் கணினிக்கு இருவர்.

எஸ்.கியூ.எல் இல் இரண்டு அட்டவணைகளைச் சாதாரண ஜொய்னால் இணைத்தால் இரண்டிலும் பொருந்துபவர்கள் மட்டுமே வருவார்கள். மற்றவர்கள் சத்தமில்லாமல் விடுபடுவார்கள். லெஃப்ட் ஜொய்ன் போட்டால் முதல் அட்டவணையில் உள்ள எல்லோரும் வருவார்கள். இணை கிடைக்காதவருக்கு நேரே "நல்" என்று வெறுமை நிற்கும். யார் விடுபட்டார்கள் என்று அப்போதுதான் கேட்க முடியும். எங்கள் பிள்ளைகளில் சிலர் நாளை அலுவலகங்களில் பட்டியல் தயாரிப்பார்கள். அந்தக் கேள்வி அவர்கள் கையில் ஊறியிருக்க வேண்டும். மனப்பாடத்தால் அது வராது.

அந்த விளையாட்டுகள் வேற்று நாட்டுக் கதைகள். எங்கள் கதையை நாங்களே செய்யலாம். ஆடி அமாவாசையன்று கீரிமலைக் கேணியடியில் ஒரு சைக்கிள் காணாமற் போகிறது என்று வைப்போம். சைக்கிள் பாதுகாப்புத் துண்டுகள் ஓர் அட்டவணை, பஸ் நேரங்கள் இன்னொன்று, கச்சான் கடைக்காரர் கண்டது மற்றொன்று. பெயர்கள் எல்லாம் கற்பனை; உண்மையான ஆட்களின் விபரம் ஒன்றும் வேண்டாம். எஸ்கியூலைற் என்ற இலவச மென்பொருளில் இது முழுவதும் ஒரே கோப்பாக அடங்கும். பென்ட்ரைவில் கொண்டுபோகலாம், இன்ரர்நெற் தேவையில்லை. அண்ட்ரொய்ட் போனில் உங்கள் வட்ஸ்அப் செய்திகள் இருப்பதும் எஸ்கியூலைற்றில்தான்.

ஆகவே ஒரு வேண்டுகோள். வெளிநாட்டு உறவுகள் தந்துவிட்டுப்போன பழைய மடிக்கணினி அலுமாரியில் சும்மா கிடந்தால் சனசமூக நிலையத்துக்குக் கொடுங்கள். உயர்தரம் முடித்துப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள் கதை எழுத முன்வாருங்கள். அட்டவணை அமைக்க நாங்கள் கூட இருப்போம்.

கருத்தை கொமன்ற்றில் எழுதுங்கள். ஐசிரி படிக்கும் பிள்ளை உள்ள வீடுகளுக்குப் பகிருங்கள்.